சம்பத்து அண்ணனின் கீழ் ரி

முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் பட்டாபிராம் ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் சிரிக்கிறார்கள். வேலையிலிருந்து இல்லை, கார்னெட்டிலிருந்துதான் என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் சிரிக்கிறார்கள். போன வருஷம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. தையல் பிரித்த அன்றைக்கு டாக்டர் கேட்டார்: "என்ன தொழில்?" அம்பத்தூரில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை என்றேன். முகூர்த்த நாட்களில் கல்யாண பேண்டில் கார்னெட் என்ற பித்தளைக் குழல் ஊதுவேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "ஸ்டோர்ஸ் இருக்கட்டும். அதை விட்டுடுங்க" என்றார். பதினாலு வருஷம் ஒரே நிமிஷத்தில் முடிந்தது.

எங்கள் பேண்டின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி இப்போது வாசிக்கும் பிள்ளைகள் கேட்டார்கள். எத்தனை கல்யாணம், எந்தெந்த ஊர் என்று பட்டியல் போட எனக்கு இஷ்டமில்லை. நான் கார்னெட் பக்கம் போனதே அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். அதனால் அந்தக் கருவி எனக்குக் கொடுத்த ஒரே ஒரு பெரிய கணக்கைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருமழிசை. அப்பா செங்கல் சூளையில் வேலை. அம்மா வயலில் களை பறிப்பார். இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போட வராது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பன்னிரண்டாவது வரைக்கும் வந்தேன். பள்ளிக்கூடம் எனக்குப் பழக்கிய ஒரே கெட்ட பழக்கம், எதைப் பார்த்தாலும் 'ஏன்?' என்று கேட்பது. ஒரு கல்யாண ஊர்வலத்தில் கார்னெட்டைக் கிட்டத்தில் பார்த்தேன். அதற்கு மூன்று பொத்தான்தான். ஆனால் வாசித்தவர் இருபது முப்பது சுரம் வாசித்தார். வாசித்து முடித்து அவர் டீ குடிக்கும்போது போய்க் கேட்டேன்.

"அண்ணே, பட்டன் மூணுதானே இருக்கு. சுரம் எப்படி அத்தனை வருது?"

அவர் டீயை ஊதிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "மூணுதான் உன் கண்ணுக்குத் தெர்து. நாலாவது பட்டன் இங்க கீது நைனா" என்று தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார்.

அவர்தான் சம்பத்து அண்ணன். எங்கள் பேண்டின் முதல் கார்னெட், முக்கிய மெட்டை வாசிப்பவர். பகலில் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டுவார். தகடு வைப்பது, மிதிப்பது, எடுப்பது. நாள் முழுக்க அதுதான். சாயங்காலம் அதே கையில் கார்னெட் வந்துவிடும்.

நான் கற்றுக்கொண்ட இரண்டு வருஷத்தை நாலு வரியில் சொல்லிவிடலாம். முதல் மாதம் உதட்டில் பொருத்தும் மவுத்பீஸை மட்டும் வைத்துக்கொண்டு கொசு மாதிரி ரீங்காரம் போட்டேன். பிறகு ஒரே சுரத்தை மூச்சு முடியும் வரை நீட்டினேன். உதடு வெடித்தது, ஆறியது, மறுபடி வெடித்தது. வீட்டில் எருமை கத்துகிறது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

எங்கள் மாஸ்டர் பெயர் தேவசகாயம். ராணுவ பேண்டில் இருந்து வந்தவர். நசரத்பேட்டையில் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பயிற்சி நடக்கும். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. எங்கள் எல்லாரையும் 'மிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். டிரம் அடிக்கும் பதினாறு வயதுப் பையனும் மிஸ்டர்தான். அவர் பார்வை எப்போதும் எங்கள் ஷூ மேலேயே இருக்கும். காது மட்டும் எங்கள் மேல் இருக்கும். யாராவது தப்பு வாசித்தால் வரிசைக்குள் நடந்து வந்து, கையிலிருக்கும் பிரம்பால் அந்த ஆளின் ஷூ நுனியை இரண்டு தடவை தட்டுவார். அவ்வளவுதான். கருவிக்குள் எச்சில் தண்ணீர் சேர்ந்து கொளகொளவென்று சத்தம் வந்தால், "தண்ணி" என்பார். அவருடைய அதிகபட்சப் பாராட்டு "சரி". அதை வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை கேட்கலாம்.

மாதத்துக்கு ஒருமுறை கருவியைப் பிரித்துக் கழுவ வேண்டும். பொத்தான்களோடு சேர்ந்த பிஸ்டன் மூன்றையும் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, வெள்ளைத் துணியில் துடைத்து, எண்ணெய் போட்டு, அதனதன் குழியில் இறக்க வேண்டும். எண்ணெய் ஒரு சொட்டுக்கு மேல் கூடாது. பட்டாபிராமில் ஒரு கல்யாணத்தன்று அவசரமாக இதைச் செய்துவிட்டு வரிசையில் போய் நின்றேன். மாஸ்டர் பிரம்பைத் தூக்கினார். நான் ஊதினேன். காற்று எங்கேயோ போய் முட்டிக்கொண்டு நின்றது. கண் பிதுங்கியதே தவிர சத்தம் வரவில்லை. பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்த சம்பத்து அண்ணன் மூச்சு விடும் இடைவெளியில் என் கருவியை எட்டிப் பார்த்தார்.

"யோவ் பட்ச்சவரே, ஒண்ணையும் மூணையும் மாத்திப் போட்டுகினு ஊதினா காத்து உன் காது வழியாதான் வரும்!"

பேண்டில் பன்னிரண்டாவது படித்தவன் நான் ஒருத்தன்தான். பிஸ்டன் ஒவ்வொன்றின் மேலும் 1, 2, 3 என்று எண் அடித்திருக்கும். ஊர்வலம் முடிந்ததும் மாஸ்டர் வந்து என் ஷூவைத் தட்டினார். "மிஸ்டர், நம்பர் போட்டிருக்கு. நம்மளில் படிக்கத் தெரிஞ்சவர் யாராவது இருந்தா காட்டிக் கேட்டுக்கோங்க." அன்றிலிருந்து சம்பத்து அண்ணனுக்கு நான் 'பட்ச்சவரே'தான்.

மாஸ்டருக்கு ஒரு சட்டம் இருந்தது. எங்கள் முன்வரிசையில் மூன்று கார்னெட். அந்த மூன்று பேரும் தனித்தனியாக முழுப் பாட்டையும் வாசிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். ஒருத்தர் பஸ்ஸுக்கு ஒதுங்கலாம், ஒருத்தர் கால் இடறலாம், ஒருத்தருக்கு உதடு போகலாம். யார் நின்றாலும் பாட்டு நிற்கக் கூடாது. "முன்வரிசையில் யாரும் யாரையும் தாங்கக் கூடாது" என்பார். எனக்கு அது கடுமையாகத் தோன்றும். ஆனால் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே வாசித்துக்கொண்டு நடந்தவர்களுக்கு அதன் நியாயம் தெரியும்.

நான் முன்வரிசைக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருக்கும். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் சம்பத்து அண்ணனின் வலது கை பிரஸ்ஸில் மாட்டியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. கார்னெட்டின் மூன்று பொத்தானையும் அழுத்துவது வலது கையின் முதல் மூன்று விரல்கள்தான். அதில் இரண்டு இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். கை பெரிய வெள்ளைப் பொட்டலம் மாதிரி இருந்தது.  அவரே ஆரம்பித்தார்.

"இன்னா பாக்கற? முதலாளி வேற வேலை தர்றேன்னு கீறாரு. அத்த வுடு. மாஸ்டர் இன்னா சொன்னாரு?"

மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது உண்மைதான். மாஸ்டர் அவருடைய இடத்தைக் காலியாக விட்டு எங்களை நடக்க வைத்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் நடுவே ஒரு ஆள் அகலத்துக்குக் காற்று நடந்து வந்தது.

கட்டுப் பிரித்த பிறகு இடது கையில் வாசித்துப் பார்த்தார். கருவி வலது கைக்கென்று செய்தது. பதினெட்டு வருஷம் பழகிய விரல்கள் வேறு. இடது கை விரல்கள் முதல் நாள் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் மாதிரி திருதிருவென்று நின்றன. பத்து நாளில் விட்டுவிட்டார். மாஸ்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். "மிஸ்டர் சம்பத்து, ஆடிக்கு அப்புறம் முகூர்த்தம் ஆரம்பிக்கும்போது நான் கேட்கறேன். முழுப் பாட்டும் வந்தா உங்க இடம் உங்களுக்கு. வரலேன்னா தாளம் பிடிங்க." அதாவது வரிசைக்குக் கடைசியில் ஜால்ரா.

மாஸ்டர் போனதும் சம்பத்து அண்ணன் என்னிடம் சொன்னார்: "ஜால்ரா தட்டறதுக்கு நான் அந்த பிரஸ்ஸிலயே முழுசா போயிருக்கலாம்."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு பெரிய தாள் எடுத்துக் கோடு போட்டேன். பொத்தானை அழுத்தினால் காற்று இன்னொரு வளையம் சுற்றிப் போகும், அதனால் சுரம் இறங்கும். முதல் பொத்தான் ஒரு படி இறக்கும். இரண்டாவது அரைப்படி. மூன்றாவது ஒன்றரைப் படி. அதாவது முதல் இரண்டையும் சேர்த்து அழுத்தினாலும் மூன்றாவதை மட்டும் அழுத்தினாலும் ஒரே அளவுதான்! இத்தனை வருஷம் வாசித்தும் நான் இதைக் கவனித்ததில்லை. அப்படியானால் மோதிர விரலை முதல் பொத்தானிலும் சுண்டு விரலை இரண்டாவதிலும் வைத்து, மூன்றாவதைத் தொடாமலே வாசித்தால் எத்தனை சுரம் கிடைக்கும்? கீழ் ச-விலிருந்து மேல் ப வரைக்கும் ஒவ்வொன்றாக எழுதினேன். கிடைப்பதற்கு டிக், கிடைக்காததற்குப் பெருக்கல் குறி.

எழுதி முடித்ததும் இன்னொரு தடவை முதலிலிருந்து சரிபார்த்தேன். சில அரைச் சுரங்கள் போயின, அவை எங்கள் பாட்டுகளில் அதிகம் வராது. முழுச் சுரங்களில் போனது ஒன்றே ஒன்று. கீழ் ரி. அதற்கு மட்டும் முதலும் மூன்றாவதும் சேர்ந்து வேண்டும்.

தாளைத் தூக்கிக்கொண்டு மறுநாள் காலையிலேயே ஓடினேன். சம்பத்து அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் டிக்கும் பெருக்கலும் எல்லாருக்கும் தெரியும்.

"ஒண்ணுதான் பூட்ச்சா?" என்றார்.

"ஒண்ணுதாண்ணே."

உட்கார்ந்துகொண்டு நிதானமாக வாசித்தால் சுண்டு விரலை நீட்டி அந்த மூன்றாவது பொத்தானை எட்டிவிடலாம். நடந்துகொண்டு எட்டினால் கருவி ஆடி உதட்டில் இடிக்கும். முயற்சி செய்து பார்த்துப் பல்லில் ரத்தம் வந்தது. சுண்டு விரல் வேறு, பாவம், அதுவரைக்கும் எந்த வேலையும் செய்யாத விரல். தினமும் ஈரத் துணியைப் பிழிந்து பிழிந்து அதற்குப் பலம் ஏற்றினார். பொத்தானின் ஸ்பிரிங்கை மாற்றி லேசானது போட்டோம். இரண்டு மாதத்தில் ச-வும் க-வும் ம-வும் ப-வும் பழைய உருண்டையோடு திரும்பி வந்தன. அந்த ரி மட்டும் வரவில்லை.

எங்கள் பேண்டுக்கு மாஸ்டர் தானே கட்டிய ஒரு வரவேற்பு மெட்டு உண்டு. மாப்பிள்ளை காரில் ஏறும்போது அதுதான் வாசிப்போம். அதில் ஒரு வரி முதல் கார்னெட் மட்டும் தனியாக வாசிக்கும். மற்றவர்கள் டிரம்முக்குக் கால் போட்டபடி நடப்போம். அந்த வரி இறங்கி இறங்கி, கடைசியில் கீழ் ரி தொட்டு, ச-வில் வந்து உட்காரும். வேறு எந்தப் பாட்டிலாவது என்றால் கூட்டத்தோடு மறைத்துவிடலாம். இதில் மறைக்க இடமே இல்லை.

"நான் ஊதறேண்ணே. அந்த ஒண்ண மட்டும்" என்றேன்.

 அவர் தன்னுடைய பழைய மவுத்பீஸ் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "இத்த போட்டு ஊது. உன் சத்தம் தகரம் மாதிரி கீது, ஊர்ல எல்லாரும் திரும்பிப் பாப்பான்."

முழுப் பாட்டு வாசிப்பதைவிட ஒரு சுரம் மட்டும் வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் மூச்சு எடுக்கும்போது நானும் எடுக்க வேண்டும். அவர் ஊதும் அளவுக்கே ஊத வேண்டும். அவர் கன்னம் அந்தச் சுரத்துக்கும் உப்பியே இருக்கும், பார்க்கிறவர்களுக்கு அவர்தான் வாசிக்கிறார். மாஸ்டர் கேட்பதற்கு முன்னால் வந்த சின்னச் சின்ன நிகழ்ச்சிகளில் மாஸ்டரின் சம்மதத்தோடு அவரைத் துணைக்கு என்று அழைத்துப் போனோம், தனி வரியை அவரே வாசித்தார். ஆனி கடைசியில் ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு கல்யாணத்தில் எனக்கு அரைத் தாளம் பிந்திவிட்டது. பெண்ணின் அப்பா திருநெல்வேலிக்காரர், ஃபேக்டரியில் வேலை. அவர் நேராக வந்து, "ஏலே, நடுவுல ஒரு சொரம் பல்லு போன கெழவன் மாதிரி வழுக்குதே, என்னவே விஷயம்?" என்று கேட்டுவிட்டார். சம்பத்து அண்ணன் அசரவில்லை. "பாயசம் குட்ச்சா சரியாயிடும் சார்" என்றார்.

அதற்குப் பிறகு எனக்குப் பிந்தவில்லை. தூக்கத்தில் எழுப்பினாலும் அந்த இடத்தில் என் முதல் விரலும் மூன்றாவது விரலும் தானாக இறங்கும். முன்னால் நடக்கும் மாஸ்டர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏமாற்றிவிட்டோம் என்று நான் நினைத்தேன். அது எனக்குப் பெருமையாக இருந்தது, ஆனாலும் மாஸ்டர் முகத்தைப் பார்க்காமல் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஆவணி பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, மைதானத்தில் எல்லாரும் சீருடையில் நின்றோம். மாஸ்டர் வந்தார். ஷூக்களைப் பார்த்துக்கொண்டே நடந்தவர் என் முன்னால் நின்றார்.

"மிஸ்டர், நீங்க நாலாவது வரிசைக்குப் போங்க."

 யூஃபோனியம் என்ற தடித்த குழலை ஊதுபவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முன்வரிசையில் சம்பத்து அண்ணனின் முதுகு மட்டும் தெரிந்தது. காலையில் சைக்கிளில் வரும்போதே அவர் என்னிடம் சொல்லியிருந்தார்: "இன்னிக்கு நீ ஊதாத. நான் பாத்துக்கறேன்." எப்படிப் பார்த்துக்கொள்வார்? என் தாளில் பெருக்கல் குறி அப்படியே இருந்ததே! பல்லில் ரத்தம் வந்தாலும் சுண்டு விரலை நீட்டப் போகிறாரோ என்று நினைத்தேன்.

மாஸ்டர் பிரம்பைத் தூக்கினார். வரவேற்பு மெட்டு. நடக்க ஆரம்பித்தோம். தனி வரி வந்தது. எல்லாரும் நிறுத்தினோம். சம்பத்து அண்ணன் இறங்கினார், ப, ம, க. அடுத்தது ரி.

அவர் கீழே வரவில்லை. க-விலிருந்து ஒரே தாவலில் மேல் ரி-க்கு ஏறினார். ஏறி, மேல் ச-வில் போய் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு முற்றத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூடத் திரும்பினார்கள்.

அதே நொடியில் நாலாவது வரிசையிலிருந்து, மைதானம் முழுக்கக் கேட்கும்படி, ஒரு கீழ் ரி வந்தது. நான்தான் ஊதினேன். ஊத வேண்டும் என்று நினைக்கவே இல்லை. விரல் இறங்கிவிட்டது, உதடு கூடப் போய்விட்டது.

மாஸ்டர் கையைத் தூக்கினார். டிரம் நின்றது. அவர் வரிசைகளுக்குள் நடந்து வந்தார். என் ஷூ நுனியில் இரண்டு தட்டு.

"மிஸ்டர், உங்க பார்ட்டில் அங்க சுரம் இருக்கா?"

"இல்ல மாஸ்டர்."

"அப்புறம் எதுக்கு?"

எனக்குப் பொய் வரவில்லை. "பழக்கம் மாஸ்டர்" என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன ஒப்புக்கொண்டேன் என்று புரிந்தது. முன்வரிசையில் சம்பத்து அண்ணன் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. யூஃபோனியம்காரர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாஸ்டர் கையை நீட்டினார். என் கார்னெட்டை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "மிஸ்டர் சம்பத்து, மறுபடி. மூணு சுற்று."

மூன்று சுற்று வாசித்தார். மூன்றிலும் அந்த இடத்தில் மேலே தாவினார். மூன்றாவது தடவை அந்த மேல் ரி-யைக் கொஞ்சம் நீட்டிக் காட்டினார், வேண்டுமென்றேதான்.  மாஸ்டர் தன் மெட்டில் ஒரு சுரத்தை மாற்ற யாரையும் விட்டதில்லை.

மாஸ்டர் தரையைப் பார்த்தபடி இருந்தார். "நான் கட்டும்போது அங்க கீழதான் வச்சேன்" என்றார். அப்புறம், "சரி" என்றார்.

பிறகு என்னிடம் வந்து கார்னெட்டைத் திருப்பிக் கொடுத்தார். "அவர் பாட்டை அவர் தூக்கிட்டார். நீங்கதான் அவரை இன்னும் கீழ இறக்கி வைக்கல. பொங்கல் வரைக்கும் இதே வரிசையில் நடங்க."

தண்டனை வாங்கிய அன்றைக்கு இருந்ததுபோல் அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் இருந்ததில்லை. கலைந்ததும் சம்பத்து அண்ணனிடம் ஓடினேன். "எப்பண்ணே கண்டுபிடிச்சீங்க? எனக்குச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீதான் கண்டுபுட்ச்ச. உன் பேப்பர்லயே மேல் ரிக்கு டிக் போட்டு கீற. நீ பெருக்கலையே பாத்துகினு இருந்த." கார்னெட்டிலிருந்து தண்ணீரைத் தட்டி வடித்துக்கொண்டே சொன்னார். "மாஸ்டர் பாட்டுல கை வைக்க பயந்துகினு நானும் ரெண்டு மாசம் கம்முனு இருந்தேன். நேத்து தோணுச்சி. எப்படியும் ஜால்ராதான்னா, ஒருவாட்டி மேல ஏறிப் பாத்துட்டு எறங்கலாம்னு."

மறு வாரம் பயிற்சிக்குப் போனபோது மாஸ்டர் வராந்தாவில் மேஜை போட்டு, பேண்டின் சுரப் பிரதிகள் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தார். பக்கத்தில் பேனாவும் அழிப்பதற்கு பிளேடும் இருந்தன. "வரவேற்பு மெட்டு முதல் கார்னெட் பிரதி எல்லாத்திலும் மாத்தணும் மிஸ்டர். எழுதத் தெரிஞ்சவர் நீங்கதானே, உட்காருங்க."

உட்கார்ந்தேன். ஒவ்வொரு தாளாக, ஐந்து கோடுகளுக்குக் கீழே புள்ளியாகத் தொங்கிக்கொண்டிருந்த ரி-யையும் ச-வையும் சுரண்டி எடுத்து, மேலே எழுதினேன். சம்பத்து அண்ணன் டீ டம்ளரை மூன்று விரலில் பிடித்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவருக்குப் படிக்க வராது. ஆனால் மேலே எது, கீழே எது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் கொஞ்சம் மேல போடு பட்ச்சவரே" என்றார். "உன் கை சும்மா கீழயே போவும்."